பத்தாம் வகுப்பிலிருந்து பிரான்சுக்கு

அஞ்சலாட்சிக்குக் கோபம் வரும் விதத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இந்த வரலாற்றில் அது அடிக்கடி வரப்போகிறது. நமக்கெல்லாம் கோபம் வந்தால் குரல் ஏறும். அவளுக்கு இறங்கும். இறங்கி இறங்கி, கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டுகிற இடத்தில் போய் நிற்கும். அதற்குள் கையிலிருக்கும் சாக்பீஸ் இரண்டாகியிருக்கும். இரண்டு நாலாகும். நாலு எட்டாகும் நேரத்தில் எதிரில் நிற்பவர் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவது உடம்புக்கு நல்லது.

வில்லியனூருக்கு அப்பால் கொஞ்சம் கரும்பும், டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலையும் என்று இரண்டு படகில் கால் வைத்திருந்த கன்னியப்பனின் மகள் அவள். கணிதத்தில் எம்.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். குடும்பம் மூலக்குளத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. இருபத்தேழு வயதில், ஒரு ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, 'லா குளுவார் மேல்நிலைப் பள்ளி'யில் (பிரெஞ்சில் 'புகழ்' என்று அர்த்தம்) பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியையாகச் சேர்ந்தாள். சேர்ந்து பத்து நிமிடத்தில் முதல் கோபம் வந்தது.

"அஞ்சலாட்சியா?" என்றார் தாளாளர் கோபிநாத். அந்தப் பெயரை அவர் உச்சரித்த விதத்தில், அது ஏதோ செருப்போடு உள்ளே வந்துவிட்டதுபோல இருந்தது. "நம்ம ஸ்கூலுக்கு ஒரு ஃபிரெஞ்சு டச் இருக்கு பாருங்க. ஏஞ்சல்னு வச்சுக்குவோம். டைம் டேபிள்ல போட்டாச்சு."

"சார், எங்கப்பா வச்ச பேரு."

"வீட்டுல அப்படியே கூப்பிடட்டும்மா. நான் தடுக்கலையே."

கோபிநாத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் மனை விற்றவர். மூலக்குளத்திலிருந்து ரெட்டியார்பாளையம் வரை அவர் கல் நட்டுப் பிரித்துப்போட்ட மனைகள் ஏராளம். அதில் ஒரே ஒரு மனை மட்டும், மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் என்ற அற்பக் காரணத்தால், விலை போகவில்லை. அங்கேதான் கல்வி பிறந்தது. பிரான்சு தேசத்தின் மேல் அவருக்கு அளவில்லாத பக்தி. போனதில்லை. கடற்கரைச் சாலையில் தூதரகக் கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி அபராதம் கட்டியதுதான் அந்த நாட்டோடு அவருக்கிருந்த நேரடி உறவு. ஆனாலும் வாசலில் வாட்ச்மேன்கூட 'போன்ஜூர்' சொல்லியாக வேண்டும். வகுப்புப் பிரிவுகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைப்பது அடிமைப் புத்தி என்பதால், லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே என்று வைத்திருந்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். ஒன்பதாம் வகுப்பில் எண்பதுக்கு மேல் வாங்கியவர்களுக்குச் சுதந்திரம். அறுபதுக்கு மேல் சமத்துவம். மிச்சமிருக்கும் நாற்பத்திரண்டு பேர் சகோதரர்கள்.

புதிதாக வரும் ஆசிரியருக்குச் சகோதரத்துவத்தைத் தருவது பள்ளி வழக்கம்.

முதலிரண்டு பிரிவுகளுக்கும் தொட்டால் வெளிச்சம் போடும் பலகை. ஃபிரத்தெர்னித்தேக்குக் கரும்பலகை, அதுவும் நடுவில் ஒரு கோடு விரிசல். ஆக, முழுப் பள்ளியிலும் சாக்பீஸ் கிடைக்கும் ஒரே அறை அஞ்சலாட்சிக்கு வாய்த்தது. அவள் கோபத்துக்கு இதைவிட வசதியான இடம் புதுச்சேரியில் இல்லை.

முதல் வாரம் ஒரு சின்னத் தேர்வு வைத்தாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் பூர்ணிமா நூற்றுக்கு ஏழு வாங்கினாள். வீராம்பட்டினத்துப் பெண். அப்பா படகில் போகிறவர். அம்மா சுலோசனா, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். பூர்ணிமா வகுப்பில் பேசவே மாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். உட்காரச் சொல்லும்வரை நிற்பாள். வாயைத் திறந்தால் தப்பு வந்துவிடும் என்பதுபோல உதட்டை மடித்து வைத்திருப்பாள்.

"உனக்கு என்னா புரியலன்னு சொல்லேன்டி," என்றாள் அஞ்சலாட்சி ஒருநாள், குரல் பாதி இறங்கிய நிலையில்.

"புரியுது மிஸ்."

"அப்ப ஏன் ஏழு?"

"தெரியல மிஸ்."

ஜூலை போனது. ஊரில் ஆடித் தேர் வந்ததில் வகுப்பில் பாதி காணாமல் போய்த் திரும்பி வந்தது. ஆகஸ்டில் தாளாளர் கொடியேற்றி, பிரான்சு நமக்குக் கொடுத்தவை என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் வெயிலில் பேச, லிபெர்த்தேயில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். சகோதரர்களில் ஒருவரும் விழவில்லை. வெயில் அவர்களுக்குப் புதிதல்ல.

செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு. விடைத்தாள் திருத்தும்போதுதான் அஞ்சலாட்சி அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பூர்ணிமாவுக்குப் பத்தொன்பது மதிப்பெண். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. சரி, ஏழிலிருந்து பத்தொன்பது, பரவாயில்லை என்று தாளை மூடப் போனவள், பக்கம் பக்கமாகக் குறுக்கே அடிக்கப்பட்டிருந்த கணக்குகளைப் பார்த்தாள். சும்மா ஒன்றைப் படித்தாள். சரியாக இருந்தது. அடுத்ததைப் படித்தாள். அதுவும் சரி. இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கடைசி வரி வரை அழகாகக் கொண்டுபோய், விடையும் எழுதி, அதன் கீழ் கோடும் போட்டு, பிறகு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் அடித்திருந்தாள். அடித்ததற்கு மதிப்பெண் இல்லை என்பது தேர்வுச் சட்டம். அடித்தவற்றை மட்டும் தனியாகக் கூட்டினாள். பதினேழு வந்தது.

பத்தொன்பதும் பதினேழும் முப்பத்தாறு.

மறுநாள் வகுப்பில் சாக்பீஸ் எட்டாகி, எட்டு தூளானது. குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"இது யாரு அடிச்சது?"

"நான்தான் மிஸ்."

"ஏன்?"

பூர்ணிமா நின்றாள். "நான் போட்டா சரியா வராதுல்ல மிஸ்," என்றாள்.

அன்றிலிருந்து ஃபிரத்தெர்னித்தேயில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. யாரும் எதையும் அடிக்கக் கூடாது. அடித்தே ஆக வேண்டுமென்றால், அது ஏன் தப்பு என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். காரணம் எழுத முடியாவிட்டால் அடிக்கும் உரிமை கிடையாது. இந்த அரசியல் சாசனம் கரும்பலகையின் மேல்மூலையில் எழுதப்பட்டு, அழிக்கக் கூடாது என்று கட்டம் கட்டப்பட்டது.

சரியாக அந்த வாரத்தில்தான் ஆபீஸ் அந்தோணி நாலு காகிதங்களோடு வந்தார். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அலுவலகத்தைக் கட்டி மேய்ப்பவர். அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அண்ணன் குடும்பம் உண்மையிலேயே பாரிசில் இருக்கிறது. கிறிஸ்துமசுக்கு வரும்போது அவர்கள் கொண்டுவரும் சாக்லேட்டைப் பள்ளி முழுவதற்கும் கொடுப்பார்.

"மிஸ், சாட்சின்னு போட்டிருக்குற இடத்துல நாலுத்துலயும் ஒரு கையெழுத்து. பெத்தவங்க நாளைக்கு வருவாங்க. அவங்க கையெழுத்தையும் நீங்களே வாங்கிடுங்க. வழக்கமா கிளாஸ் டீச்சர்தான் வாங்குறது."

அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிட்டது. நாலு காகிதமும் நெருக்கமாக அச்சடித்த ஆங்கிலம். பள்ளியில் வாரம் முப்பது காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம், இது முப்பத்தொன்று என்று நினைத்துப் போட்டுவிட்டாள். கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் மதிப்பெண் குறைக்கிற அதே அஞ்சலாட்சிதான் இது. பிற்பாடு அவளுக்குத் தன் மேல் வந்த கோபத்துக்குச் சாக்பீஸ் பெட்டி ஒன்று போதவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குச் சுலோசனா வந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தவள், கூடையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் சொன்ன போன்ஜூருக்கு "இன்னாடா?" என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"வணக்கம் டீச்சர். பூர்ணி எதனா பண்ணிட்டாளா?"

"இல்லக்கா. ஏதோ கையெழுத்துன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

சுலோசனா பேனாவை வாங்கினாள். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் இங்கிலீசா இருக்கு. இன்னா எழுதியிருக்கு டீச்சர், கொஞ்சம் படியேன். கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போட்டு ஒருவாட்டி மாட்டுனது போதும், கல்யாணம்."

அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே காகிதத்தை வாங்கித் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் குடும்பம் பிரான்சு நாட்டில் நிரந்தரமாகக் குடியேற இருப்பதால்..."

நிறுத்தினாள். திரும்பப் படித்தாள். அதேதான் எழுதியிருந்தது.

"யாரு குடும்பம்?" என்றாள் சுலோசனா.

"உங்க குடும்பம்."

"எங்க குடும்பமா? எங்க?"

"பிரான்சுக்கு."

"எப்ப?"

அஞ்சலாட்சி காகிதத்தைப் பார்த்தாள். "இந்த மாசக் கடைசிக்குள்ள."

"டீச்சர், எங்க வூட்டுக்காரரு தேங்காத்திட்டு தாண்டுனா தல சுத்துதுன்னு திரும்பி வந்துடற ஆளு. கடலூருல பொண்ணு எடுத்த தம்பி வூட்டுக்கே இன்னும் போவல. அவரு பிரான்சுக்குப் போறாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது? எங்கிட்ட சொல்லவே இல்லியே அந்தாளு!"

மீதிக் கடிதத்தை அஞ்சலாட்சி படித்தாள். பூர்ணிமாவைப் பள்ளியிலிருந்து விடுவித்து மாற்றுச் சான்றிதழ் தரும்படி தாயார் தாமாகவே வேண்டிக்கொள்கிறார். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் மகளைச் சேர்க்க வேண்டாம். கீழே, சாட்சி: ஏஞ்சல், கணித ஆசிரியை.

"அப்ப எம் பொண்ணு பரீட்ச எழுத முடியாதா?"

"இதுல கையெழுத்துப் போட்டா முடியாது."

சுலோசனா பேனாவை மேசை மேல் வைத்தாள். காகிதத்தை நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் சுருக்குப் பைக்குப் பக்கத்தில் செருகினாள். "இத நான் எடுத்துக்கினு போறேன். குடும்பத்தோட போறோம்ங்கறீங்க, மாமியாரக் கேக்க வேணாமா?"

அவள் போன கையோடு அஞ்சலாட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தாள். குரல் மிகவும் இறங்கியிருந்ததால் அந்தோணி முன்னால் குனிய வேண்டியிருந்தது.

"இது யாரு சார் எழுதினது?"

"அது மாடல் லெட்டர் மிஸ். பதினோரு வருசத்துக்கு முந்தி லூர்துபிரகாஷ்னு ஒரு பையன், லிபெர்த்தே, நெசமாவே குடும்பத்தோட போனான். அப்ப நான் டைப் பண்ணது. பேரு மட்டும் மாத்திக்கிறது."

"பேரு மாத்தினா போதுமா? அவங்க போகலையே!"

அந்தோணி பொறுமையாக விளக்கினார். பரம்பரைச் சமையல் குறிப்பு சொல்கிற குரல். "வேற ஸ்கூலுக்குப் போறாங்கன்னு எழுதினா எந்த ஸ்கூல்னு மேல கேப்பாங்க. வீட்டுல கஷ்டம்னு எழுதினா படிப்பை நிறுத்திட்டாளா, ஏன் நிறுத்தினான்னு ஆள் வரும். படிப்பு வரலன்னா நம்மளத்தான் கேப்பாங்க. பிரான்சுன்னு எழுதினா ஒரு கேள்வி வராது மிஸ். பாண்டிச்சேரியில பிரான்சுக்குப் போறது ஒரு அதிசயமா? யாரு அங்க போயி எண்ணிப் பாக்கப் போறாங்க?"

"ரிஜிஸ்டரக் குடுங்க."

"எதுக்கு மிஸ்?"

"நான் எண்ணிப் பாக்குறேன்."

எண்ணினாள். பதினோரு ஆண்டுகளில் லா குளுவார் பள்ளியின் பத்தாம் வகுப்பிலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர்கள் மொத்தம் எண்பத்து மூன்று பேர். லிபெர்த்தேயிலிருந்து ஒருவர், அந்த லூர்துபிரகாஷ். எகாலித்தேயிலிருந்து மூவர். மீதி எழுபத்தொன்பது பேரும் சகோதரர்கள். அத்தனை பேரும் அக்டோபர் மாதத்தில் போயிருந்தார்கள், காலாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிய கையோடு. பள்ளி வாசலில் ஆண்டுதோறும் கட்டப்படும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' பேனரின் கணித அடிப்படை அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எம்.எஸ்சி.யில் இதை யாரும் நடத்தவில்லை.

வீராம்பட்டினம் பக்கத்து முகவரிகள் பதினொன்று இருந்தன. அவற்றைப் பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். அந்தோணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்காத மாதிரி ஸ்டேப்ளரில் பின் போட ஆரம்பித்தார். அன்று மாலையே மார்க்கெட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுலோசனாவிடம் கொடுத்தாள் அஞ்சலாட்சி. காலாண்டில் தவறிய மற்ற மூன்று பிள்ளைகளின் காகிதங்களையும் ஆபீஸ் தட்டிலிருந்து எடுத்துச் சாக்பீசுக்குச் செய்வதைச் செய்தாள்.

விஜயதசமி வந்தது. லா குளுவாரில் அது திருவிழா. அடுத்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் பெற்றோர்கள் பட்டும் பவுடருமாக வந்து வரிசையில் நிற்பார்கள். தாளாளர் பட்டு வேட்டியில், கழுத்தில் மூவண்ணக் கழுத்துத்துணியோடு (நம் மூவண்ணம் அல்ல, அவர்கள் மூவண்ணம்) உட்கார்ந்து, குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சரிசித் தட்டில் முதலில் 'அ' எழுதவைப்பார். பிறகு 'ஏ'. பிறகு குழந்தையின் காதில் 'போன்ஜூர்' என்பார். குழந்தை அழும். புகைப்படம் எடுப்பார்கள்.

நாலாவது குழந்தை அழுதுகொண்டிருந்தபோது சுலோசனா உள்ளே வந்தாள். தோளில் ஒரு பெரிய பயணப் பை. பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், எல்லோர் கையிலும் பை, மூட்டை. நேராக வந்து படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"யாரும்மா நீங்கள்லாம்?" என்றார் கோபிநாத்.

"பிரான்சுக்குப் போறவங்க சார்," என்றாள் சுலோசனா, மூன்று மேசைக்குக் கேட்கிற மார்க்கெட் குரலில். "பிளேனு எத்தினி மணிக்கு? கருவாடு கட்டிக்கினு வந்துருக்கேன். உள்ள வுடுவாங்களா? ஏன் கேக்குறேன்னா, வஞ்சிரக் கருவாடு. வாசன வரும்."

வரிசையிலிருந்த ஒரு தகப்பன் மூக்கை மூடினான். வாசனை ஏற்கெனவே வந்திருந்தது.

"என்னம்மா உளர்றீங்க?"

"நானா உளர்றேன்? நீதான எழுதியிருக்க!" ஜாக்கெட்டிலிருந்து கடிதம் வந்தது. "என்ன மட்டும் இல்ல, இவங்க புள்ளைங்களயெல்லாம் முன்னமே அனுப்பிட்டியே சார். அஞ்சு வருசம் ஆச்சு, ஒரு போனு இல்ல, ஒரு லெட்டரு இல்ல. பெத்த வயிறு கேக்குமா?"

பின்னாலிருந்த ஒருத்தி எழுந்தாள். பக்கத்தில் நின்ற வாட்டசாட்டமான இளைஞனின் தோளைத் தட்டினாள். "எம் புள்ள மட்டும் திரும்பி வந்துட்டான் சார். பிரான்சுல குளிரு ஒத்துக்கல. இங்க ஐஸ் கம்பெனியில ஐஸ் ஒடைக்கிறான்."

படிக்கட்டே சிரித்தது. இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை. தாளாளரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐஸ் உடைக்கிற கை எப்படி இருக்கும் என்பதைத் தாளாளரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்றிருந்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா, "இங்க சேத்தா ஃபிரான்சுக்கு அனுப்புவீங்களா?" என்று ஆர்வமாகக் கேட்டாள். அவளுக்கு விஷயம் விளங்கவில்லை. அவள் கணவனுக்கு விளங்கிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கோபிநாத் அந்த வரிசை குறைவதைப் பார்த்தார். விலை போகாத மனையைப் பார்த்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

ஐந்து நிமிடத்தில் அஞ்சலாட்சி அவர் அறைக்கு அழைக்கப்பட்டாள்.

"ஏஞ்சல் மிஸ், உங்க வேலைதானே இது?"

"ஆமா சார்."

இப்படி நேராக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "சரி. அந்த நாலு பேரும் எழுதட்டும். எழுதி ஃபெயிலானா ஸ்கூல் பேரு என்ன ஆவறது? நூறு சதவீதம் பதினோரு வருசமா வச்சிருக்கேன்மா, பதினோரு வருசம்!"

"எண்பத்திரண்டு பேர வெளிய அனுப்பி வச்சிருக்கீங்க."

"உங்க கிளாஸ்ல ஒருத்தர் ஃபெயிலானாலும் நீங்க வேலைய விட்டுப் போயிடணும். எழுதிக் குடுங்க. உங்க ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் என் பீரோலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

ஜூனில் சேரும்போதே வாங்கிப் பூட்டியிருந்தார்கள். அதுவும் வழக்கம்தான். அவள் எழுதிக் கொடுத்தாள். இந்தமுறை ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டு.

பிறகு நடந்தது சுவாரசியமில்லாதது, ஆனால் அதுதான் வேலை. நவம்பர் மழையில் பள்ளி மைதானம் தன் பழைய குணத்தைக் காட்டி முழங்கால் தண்ணீரில் நிற்க, ஃபிரத்தெர்னித்தே மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தது. வாய்ப்பாட்டில் தொடங்கினாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். எட்டுக்குப் போனாள். ஒரு பெண்ணுக்காக ஐந்தாம் வகுப்புப் பின்னம் வரை போனாள். அந்தப் பெண் அபி, நால்வரில் ஒருத்தி. எல்லாம் தெரிந்துகொண்டு ஒரே ஒரு கழித்தல் குறியில் வழுக்கி விழுவாள்.

பூர்ணிமா அடிக்கத் தொடங்கும்போதெல்லாம் கரும்பலகையின் மேல்மூலையைப் பார்ப்பாள். பேனா காகிதத்துக்கு மேல் தொங்கும். காரணம் தேடுவாள். கிடைக்காது. பேனாவை எடுத்துவிடுவாள். ஒருநாள் மட்டும் எழுந்து வந்தாள். "மிஸ், இத அடிக்கலாமா? அடைப்புக்குறிய திறக்கிறப்ப குறிய மாத்தல. அதான் தப்பு." அந்த ஆண்டில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"அடி," என்றாள் அஞ்சலாட்சி. அன்று அவள் குரல் சாதாரண உயரத்தில் இருந்தது.

ஏப்ரலில் கணக்குத் தேர்வு. மையத்து வாசலில், வேப்பமர நிழலில் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். பூர்ணிமா அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணுகூட அடிக்கல மிஸ்."

"எல்லாம் சரியா?"

"தெரியல. அடிக்கல."

மே மாதத்தில் முடிவு வந்தது. அன்று காலை பத்தரைக்குச் சுலோசனாவிடமிருந்து போன். பின்னணியில் பெரிய மார்க்கெட்டே கூச்சலிட்டது. "டீச்சர்! நாப்பத்தொண்ணாம்! கணக்குல நாப்பத்தொண்ணு! பக்கத்துக் கடக்காரி கேக்குறா, நூத்துக்கா அம்பதுக்கான்னு. நூத்துக்குத்தான்டி, எம் பொண்ணு வாங்குனா நூத்துக்குத்தான் வாங்குவான்னேன். மீனு எடுத்து வச்சுருக்கேன், வந்து வாங்கிக்கினு போ."

நால்வரில் மூவர் தேறியிருந்தார்கள். அபி முப்பத்து மூன்று. இரண்டு மதிப்பெண். எங்கோ ஒரு கழித்தல் குறி.

அஞ்சலாட்சி முதலில் அபி வீட்டுக்குப் போனாள். துணைத்தேர்வுக்குத் தானே சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லி, கதவின் பின்னால் நின்றவளை வெளியே வரவைத்து, அங்கேயே இரண்டு கணக்குப் போடவைத்துவிட்டு, பிறகு சான்றிதழ்களை வாங்கப் பள்ளிக்கு வந்தாள். வாசலில் புது பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். லிபெர்த்தேயின் மூன்று முகங்கள், நடுவில் தாளாளர் முகம், அதற்கு மேல் கொட்டை எழுத்தில்: நூறு சதவீதம்.

நூற்று இருபத்தாறு பேர் எழுதி நூற்று இருபத்தைந்து பேர் தேறினால் எத்தனை சதவீதம் என்பது ஃபிரத்தெர்னித்தேயில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. தாளாளர் அறையில் அஞ்சலாட்சி அதைச் சொன்னாள். தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு.

"முழு எண்ணாக்கினா நூறு வராதா? அதுவும் உங்க புத்தகத்துல இருக்கறதுதானேம்மா," என்றார் கோபிநாத்.

"தொண்ணூத்தொன்பதுதான் வரும் சார். அந்தப் பிள்ளைய ஃபெயிலானவள்னு சொல்லி எனக்கு வேலை இல்லங்கறீங்க. பேனர்ல அவ பாஸ். ரெண்டுல எது சார்?"

"எழுதிக் குடுத்தது நீங்க. ஆர்டர அந்தோணிகிட்ட வாங்கிக்குங்க. போன்ஜூர்." அது வணக்கம் சொல்லும் வார்த்தை. அன்று அவர் அதைப் போய்வா என்ற அர்த்தத்தில் பயன்படுத்தினார்.

அந்தோணி சான்றிதழ்க் கட்டை எடுத்துக் கொடுத்தார். மேலே பணிவிடுவிப்பு ஆணை. அஞ்சலாட்சி படித்தாள். முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக. அந்தோணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'எங்கள் கணித ஆசிரியை ஏஞ்சல் அவர்கள், குடும்பத்துடன் பிரான்சு நாட்டில் நிரந்தரமாகக் குடியேற இருப்பதால், தாமாகவே பணியிலிருந்து விலகுகிறார்.'

"பேனர்ல நூறுன்னு போட்டாச்சு மிஸ்," என்றார் அந்தோணி ஜன்னலைப் பார்த்தபடி. "ஒரு பொண்ணு ஃபெயிலானதால போறாங்கன்னு இதுல எழுத முடியுமா? பிரான்சுன்னா கேள்வி வராது. உங்களுக்கும் நல்லது. அடுத்த ஸ்கூல்ல மரியாதையாப் பாப்பாங்க."

அலுவலகத்தில் சாக்பீஸ் இல்லை. விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாதான் கையில் இருந்தது. அஞ்சலாட்சி அதைத் திறந்து, 'குடும்பத்துடன்' என்பதில் தொடங்கி 'தாமாகவே' என்பது வரை ஒரே இழுப்பில் அடித்தாள். அடித்தால் காரணம் எழுத வேண்டும், அவள் போட்ட சட்டம் அவளுக்கும் உண்டு. ஓரத்தில் எழுதினாள்: 'தவறு. 125-ஐ 126-ஆல் வகுத்தால் நூறு வராது. வரும் என்று சொல்ல மறுத்ததால் விலக்கப்படுகிறார்.' பிறகு 'ஏஞ்சல்' என்பதையும் அடித்து, அதன் பக்கத்திலும் ஒரு வரி: 'தவறு. என் பெயர் க. அஞ்சலாட்சி.'

காகிதத்தை மேசையில் நகர்த்தினாள்.

"சீல் போடுங்க சார்."

"மிஸ்..." என்றார் அந்தோணி. "இத எந்த ஸ்கூல்ல போயி காட்டுவீங்க?"

"போடுங்க."

அந்தச் சொல் அந்தோணிக்குக் கேட்கவே இல்லை. உதடு அசைந்ததை மட்டும் பார்த்தார். அவர் மனதுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. பின் பக்கச் சுவரில் பதினோரு ஆண்டு ரிஜிஸ்டர்கள் வரிசையாக நின்றன. அவர் அவற்றைப் பார்த்தார். தாளாளர் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு சீலை மையில் இரண்டு தடவை அழுத்தி, காகிதத்தின் மேல் ஒரு குத்து குத்தினார். மேசை அதிர்ந்தது. அவருக்கும் கோபம் வரும் என்பது அந்தப் பள்ளியில் அன்றுதான் பதிவானது.